உன் பெயர் சேகர்

சேகர்,

உன் பெயரை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு என்று அமுதாவிடம் சொன்னேன். எழுதினாள். படித்துக் காட்டு என்றேன். மூச்சுவிடுகிற அளவுக்கு மட்டும் சத்தம் வைத்துப் படித்தாள், ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் உன் அம்மா தூங்குகிறாள். இதுவரை உனக்கு வந்த கடிதங்களையெல்லாம் நானும் அம்மாவும் சேர்ந்து சொல்ல, உன் தங்கை எழுதினாள். கையெழுத்துப் போடுவதற்கு மேல் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதம் மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதப்படுகிறது. அமுதா தன் சமூக அறிவியல் நோட்டின் நடுப்பக்கங்களைப் பிரித்து எடுத்திருக்கிறாள். எனக்கு இருமல் வந்தால் அம்மா எழுந்துவிடுவாள் என்று அவளுக்குப் பயம். நான் சொல்லப் போவதைக் கேட்டால் இன்னும் பயப்படுவாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணிடம் சொல்லக் கூடாததைத்தான் சொல்லி எழுத வைக்கப் போகிறேன். வேறு கை எனக்கு இல்லை.

உன் கடைசிக் கடிதமும் அதோடு நீ வைத்திருந்த பேப்பர் துண்டும் எங்கள் முன்னால் இருக்கின்றன. படத்தில் நீதான். வலது தோளைச் சற்று இறக்கி, பந்தை இடது கைக்கு மாற்றுகிற நேரத்தில் எடுத்திருக்கிறார்கள். அந்தத் தோளை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அமுதா படித்தாள். "தேவன்." அது யார் என்றேன். உன் கடிதத்தைப் படித்துச் சொன்னாள். இந்தப் போட்டியில் மலேசியாக்காரர்கள் மட்டும்தான் ஆடலாமாம், முழங்கால் போய் வீட்டில் கிடக்கிற தேவன் என்கிற உள்ளூர்ப் பையனின் அடையாள அட்டையில் உன்னை மேனேஜர் ஆட வைக்கிறாராம், அவனும் தமிழன், அவனும் உன் உயரம், யாரும் கேட்பதில்லையாம். அரங்கம் முழுக்க "தேவன், தேவன்" என்று கத்துவது முதலில் சிரிப்பாக இருந்தது, இப்போது பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய். உன் பாஸ்போர்ட் மேனேஜரிடம் இருக்கிறது. உன் விசா முடிந்து மூன்று மாதம் ஆகிறது. அடுத்த மாதம் சுமத்ராவுக்குப் படகில் போய் ஆட வேண்டும், தேவனின் பாஸ்போர்ட்டிலேயே போய் வரலாம் என்று மேனேஜர் சொல்கிறார். அம்மா இதைக் கேட்டுச் சிரித்தாள். "எந்தப் பேர்ல ஆடினா இன்னா, ஆடறவன் எம் புள்ளதானே" என்றாள். நான் அன்று சாப்பிடவில்லை.

மறுநாளே உனக்கு ஒரு கடிதம் போட்டோம். அது திரும்பி வந்துவிட்டது. அந்தப் பெயரில் அந்த முகவரியில் யாரும் இல்லை என்று உறைமேல் எழுதியிருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் இருக்கிற டெலிபோன் பூத்துக்கு அமுதாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நீ கொடுத்த நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு ஆள் எடுத்தான். தமிழ்தான் பேசினான். சேகர் இருக்கானா என்றேன். "சேகரா? அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லங்க." நான் அவன் அப்பன் பேசறேன் என்றேன். வைத்துவிட்டான். அமுதா என் காதருகே, "தேவன்னு கேளு நைனா" என்றாள். அந்தப் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன் என்றேன். பிடிவாதம் என்று அவள் நினைத்திருப்பாள். பிடிவாதம் இல்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ கூடைப்பந்தைத் தொட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி கிளப் பின்னால் இருந்த சிமென்ட் தரையில் நீ நாளெல்லாம் கிடந்தாய். உயரம் போதாது என்று எல்லோரும் சொன்னதால், சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைட் மேட்டில் ஏறி ஏறி ஓடினாய். அந்த வெள்ளைத் தூசி உன் புருவத்தில் ஒட்டியிருக்க, வீட்டுக்குள் நுழைவாய். பெரிய தொழிற்சாலையில் பிட்டராக உன்னைச் சேர்த்துவிட்டால் நம் வீட்டில் தங்கச் சுரங்கத்தில் இறங்கின கடைசி ஆள் நானாக இருப்பேன் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பந்தை அரிவாளால் கிழித்தேன். நீ அழவில்லை. மறுநாள் காலையில் நீ பள்ளிக்கூடம் போவதை அம்மா எனக்குக் காட்டினாள். கையில் பந்து இல்லாமல், வெறும் காற்றைத் தட்டிக்கொண்டே தெருவில் நடந்து போனாய். தட்டுகிற கை ஒருமுறைகூடத் தப்பவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்வதற்கு எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. உன் ஆட்டத்தை நான் பார்க்க வராததற்குக் கோபம் காரணம் இல்லை, அந்த வெட்கம்தான்.

உன் ஆட்டத்தைப் பார்க்க என்னை அனுப்பியவன் கன்னியப்பன். உனக்கு நினைவிருக்கும். பாறை சரியாமல் இருக்கச் சுரங்கத்தில் மரம் கட்டுகிற கேங்கில் என்னோடு இருந்தவன், சோற்றுக் கேரியரில் எப்போதும் என் பங்கிலும் கை வைப்பவன். நீ பெங்களூர்க் கல்லூரியில் விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்த பிறகு, ஒருநாள் அவன் எதற்கோ அங்கே போனவன் உன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தான். சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கும்போது எல்லோர் முன்னாலும் சொன்னான். "உம் புள்ள பந்தப் பாக்கவே மாட்டேங்கறாம்பா. கை ஒரு பக்கம் கீது, கண்ணு ஒரு பக்கம் கீது. ஒவ்வொருத்தன் பேரையும் கூப்ட்டுக்கினே ஓடறான். அவன் கூப்டாதான் மத்தவன் நகர்றான். நீ அப்பனா இருந்து இன்னா பிரயோஜனம்?" உன் இடத்துக்குக் கார்டு என்று பேர், பந்தை மேலே கொண்டு போவதும் எல்லோரையும் கணக்கில் வைத்திருப்பதும் கார்டின் வேலை என்று கன்னியப்பன்தான் எனக்குப் புரிய வைத்தான். நீ சொல்லும்போது நான் காது கொடுக்கவில்லை.

கல்லூரிகளுக்கு நடுவே நடந்த அந்த இறுதி ஆட்டம் ஒரு வேலை நாளில் வந்தது. எனக்கு லீவு மிச்சமில்லை. கன்னியப்பனுக்கு அன்று ஓய்வு. "நீ போ. உன் டோக்கன்ல நான் எறங்கறேன்" என்றான். எங்களுக்குள் அது வழக்கம்தான். கல்யாணம், சாவு, பிள்ளைப்பேறு என்று வந்தால் ஒருவன் டோக்கனில் இன்னொருவன் இறங்குவான். மேஸ்திரிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். விளக்கு வாங்குகிற இடத்தில் பித்தளை டோக்கனைக் கொடுத்தால் பலகையில் மாட்டுவார்கள். ஷிப்ட் முடிந்து வந்து விளக்கைக் கொடுத்து டோக்கனை எடுத்துக்கொள்வோம். பலகையில் டோக்கன் மிஞ்சினால் ஒரு ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். முகத்தை யாரும் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்ப்பார்கள். என்னுடையது 614. அதைக் கன்னியப்பன் கையில் வைத்தபோது, "உன் நம்பர்லதான் எறங்கறேன், உன் பொண்டாட்டி குழம்புல பங்கு கேக்கல" என்று சிரித்தான். நான் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினேன்.

அந்த ஆட்டம் எனக்கு இன்றைக்கும் முழுதாக நினைவிருக்கிறது. நீ நாலு பேர் பெயரையும் விடாமல் கூப்பிட்டாய். "ஜோசப் இடது, ரகு உள்ளே, மஞ்சு நில்லு." பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைக்கூடப் பெயர் சொல்லித் தட்டிக்கொடுத்தாய். கடைசியில் பந்து உன் கையில் இருந்தது. நீ போடப் போகிறாய் என்று எல்லோரும் உன்மேல் விழுந்தபோது, பார்க்காமலே பின்னால் தள்ளினாய், மஞ்சு கூடையில் போட்டான். பக்கத்தில் இருந்த கன்னடக்காரர் என் தொடையைத் தட்டி, "யாரு அவன்?" என்றார். என் மகன், சேகர் என்று உரக்கச் சொன்னேன். உன் பெயரை அவ்வளவு சத்தமாக நான் வேறு எங்கும் சொன்னதில்லை. நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கன்னியப்பன் பாறைக்குப் பின்னால் இருந்தான்.

காலையிலேயே ஏர் பிளாஸ்ட் ஆகியிருந்தது. அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கள் கேங்கின் மற்ற மூன்று பேர் உடல் மேலே வந்தது, அதில் மேஸ்திரியும் ஒருவர். சுரங்கக் கேட்டில் கூடியிருந்த பெண்களிடம், பலகையில் மிஞ்சின எண்களைப் படித்தார்கள். 614 என்றதும் உன் அம்மா முன்னால் போய்ச் சொல்லியிருக்கிறாள். "என் வூட்டுக்காரர் கீழ எறங்கல சார். புள்ள ஆட்டம் பாக்க பெங்களூர் போயிருக்காரு. நானே ஸ்டேஷன் வரைக்கும் போனேன்." முந்தின ஷிப்ட் முடிந்து டோக்கனை எடுக்க மறந்து போயிருப்பான் என்று நினைத்து அந்த எண்ணை அடித்துவிட்டார்கள். கணக்குச் சரியாகிவிட்டது. தேடுவதை நிறுத்திவிட்டார்கள். கன்னியப்பன் எங்கே என்று கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. அவன் பெண்டாட்டி சரோஜா பிரசவத்துக்குக் குடியாத்தம் போயிருந்தாள். உன் அம்மாவுக்கு டோக்கன் மாற்றிய விஷயம் தெரியாது. நான் சொல்லவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, சேகர். அந்த உண்மைதான் அவனை மூடிவிட்டது.

இரவு ரயிலில் இறங்கினேன். ஸ்டேஷனில் நம் கம்பெனி லைனில் குடியிருக்கிற ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் நம்பரக் கூப்ட்டாங்கப்பா. நல்ல வேளை உன் பொண்டாட்டி சொல்லிட்டா" என்றார். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து நேராகச் சுரங்க ஷாப்டுக்கு ஓடினேன் என்றுதான் விசாரணையில் சொன்னேன். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன். அது பொய். நான் வீட்டுக்கு வந்தேன். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள், தட்டு வைத்தாள், நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளிடம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "வெளிய சொன்னா வேலை போயிடும், சேகரு படிப்பு நின்னுடும்" என்றாள். பிறகு, "அவரு எறங்காமக்கூட இருந்திருக்கலாம் இல்ல?" என்றாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம், அதற்கு மேலேயே, இந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் எழுந்து போனேன்.

அமுதா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதும்மா என்றேன். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு. அன்று இரவு நான் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தவள்.

விடியும்போது அவனை எடுத்தோம். இறந்திருந்தான். எப்போது இறந்தான் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. அந்த ஆழத்தில் பாறையே சூடு, உடம்பு சில்லிடாது. அவன் பக்கத்தில் காற்றுக் குழாய் ஓடியது. அதில் கோடரிக் காம்பால் தட்டித் தட்டி ஒரு கை நீளத்துக்குத் துரு உதிர்ந்திருந்தது. காம்பு முனை துடைப்பம் போலப் பிய்ந்திருந்தது. வெகு நேரம் தட்டியிருக்கிறான். நான் சாப்பிட்டபோதும் தட்டிக்கொண்டிருந்தானா, சுவரில் சாய்ந்திருந்தபோது தட்டிக்கொண்டிருந்தானா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அன்றைய பதிவேட்டில் அவன் பெயரே இல்லாததால், புருஷன் சுரங்கத்தில்தான் செத்தான் என்று நிரூபிக்கச் சரோஜா கைக்குழந்தையோடு கோலார் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தாள். நான் இரண்டு முறை போய்ச் சாட்சி சொன்னேன். இரண்டு முறையும் அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லவில்லை. அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மாவும் நானும் அன்றிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவள் கேட்டுக்குப் போய் நின்றதை நினைக்கிறாள், நான் அந்தச் சாப்பாட்டுத் தட்டை நினைக்கிறேன்.

இப்போது உன் படகைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் படகுக்கு ஒரு பட்டியல் இருக்கும். அதில் தேவன் இருப்பான், சேகர் இருக்க மாட்டான். ஏதாவது நடந்தால் தேவன் வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள். அவன் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருப்பான். அவன் அம்மா வெளியே வந்து, என் பிள்ளை இங்கேதான் இருக்கிறான், போகவே இல்லை என்று சொல்வாள். சந்தோஷமாகச் சொல்வாள். உண்மையைத்தான் சொல்வாள். அவர்கள் அந்தப் பெயரை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நீ எதைத் தட்டினாலும் யாருக்கும் கேட்காது, ஏனென்றால் யாரும் காது வைத்திருக்க மாட்டார்கள். படகுக்கு ஒன்றும் ஆகாமலேகூடப் போகலாம். அந்த ஊர்க்காரர்கள் உன்னைப் பிடித்து வைத்தாலும் இதுதான், ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாலும் இதுதான். கன்னியப்பன் என் எண்ணில் இறங்கியது என்மேல் இருந்த பிரியத்தால். உன்னை இன்னொருவன் பெயரில் இறக்குகிறவனுக்கு உன்மேல் என்ன பிரியம் இருக்கிறது?

ஆகவே அந்தப் படகில் ஏறாதே. இந்தக் கடிதத்தோடு உன் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் ஜெராக்ஸ் இருக்கிறது. நீ புறப்படுவதற்கு முன்னால் அமுதா எடுத்து வைத்தது. மேனேஜரிடம் பாஸ்போர்ட்டைக் கேள். கொடுக்கவில்லை என்றால் சண்டை போடாதே, இந்த ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு கோலாலம்பூரில் இருக்கிற நம் நாட்டு ஆபீசுக்குப் போ. திட்டுவார்கள், நிற்க வைப்பார்கள், பொறுத்துக்கொள். உன் பெயரை ஒரு ஆள் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்கிற வரைக்கும் அங்கிருந்து நகராதே. ஆட்டம் போனால் போகட்டும். கார்டாக ஆடுகிற உனக்கு, யார் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் பந்து நகராது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது நீ எங்கே நிற்கிறாய் என்பது யாருக்கும் தெரியவில்லை.

இங்கே உனக்காக எதுவும் காத்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்று பத்து வருடமாகச் சொன்னது இப்போது நெருங்கிவிட்ட மாதிரி இருக்கிறது. நீ எதிர்பார்த்த பாங்க் வேலைக் கடிதமும் வரவில்லை. வெறுங்கையோடு வந்தால் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள், "இன்னா சேகரு, பாரின் பந்து காத்து போயிடுச்சா" என்று சிரிப்பார்கள். பேர் சொல்லித்தானே சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எனக்கு மூச்சு முன்னைப் போல இல்லை. நான் உன்னைக் கூப்பிடுவது அதற்காக அல்ல. சற்று முன், கீழே எங்கேயோ பாறை வெடித்ததில் தரை ஒருமுறை அசைந்தது. அலமாரியில் நீ ஜெயித்த கப் டம்ளரில் இடித்துக் கலகலத்தது. அம்மா புரண்டு படுத்தாள். நானும் அமுதாவும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். இவ்வளவுதான். உறைமேல் உன் பெயரையே எழுதச் சொல்லியிருக்கிறேன். கீழே நானே கையெழுத்துப் போடுகிறேன்.

உன் நைனா.

அண்ணா, இனிமேல் எழுதுவது நான். நைனா படுத்துவிட்டார். அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு அவரிடமும் பயம், உன்னிடமும் பயம்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் நான் தனியாகப் பூத்துக்குப் போனேன். தேவன் இருக்காரா என்று கேட்டேன். இருங்க என்றார்கள். பிறகு நீ வந்தாய். "ஹலோ, தேவன் பேசறேன்" என்றாய். உன் குரல்தான். "சேகர் அண்ணா" என்றேன். உன் பக்கத்தில் யாரோ "யாருடா அது" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அப்போது நீ, "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

பக்கத்தில் இருந்தவருக்காகத்தான் அப்படிச் சொன்னாய் என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டேன். இன்று நைனா சொன்னதையெல்லாம் எழுதிய பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

உன் பெயரை எழுதினால் இதுவும் திரும்பி வந்துவிடும். நீ படகில் போன பிறகுதான் வரும். அதனால் நைனா சொன்னதை நான் கேட்கப் போவதில்லை. உறைமேல் தேவன் என்று எழுதிவிட்டேன், காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் போட்டுவிடுவேன். உறையை யாரும் இல்லாத இடத்தில் பிரி. உள்ளே முதல் வரியில் ஒரு பெயர் இருக்கும். அதைச் சத்தமாகப் படி, அண்ணா. படித்துவிட்டு, வேறு யாரிடமாவது போய் அதைச் சொல்.

அமுதா.